கோடையின் கணக்கையும் நாம் எழுதுவோம்

(சோமனூரில் நடைபெற்ற நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், களப்பணியாளர்கள் சார்பில் ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் சேமிப்பு பற்றியும் வங்கி இணைப்புக் கடன் பற்றியும் பேசினோம். இந்த மாதம் வெயிலைப் பற்றியும் காத்தைப் பற்றியும் பேசப் போகிறோம். "இதுல பேச என்னங்க இருக்குது, வெயிலு வருசா வருசம் வர்றதுதானே" என்று பின்னால் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. சரியான கேள்விதானுங்க. வருசா வருசம் வர்றதுதான். ஆனால் வருசா வருசம் நம்ம கையிலிருந்து எத்தனை நாள் கூலி இந்த வெயிலோடு போகிறது, எத்தனை வீட்டுச் சீட்டு காத்தோடு போகிறது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறோமா? குழுவில் ஐந்து ரூபாய் அபராதத்துக்குக் கூட நோட்டில் பதிவு உண்டு. கோடை எடுத்துக்கொண்டு போவதற்கு மட்டும் பதிவு கிடையாது. இதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

நம்ம ஊர்க் கோடை

கோடை என்றதும் எல்லோரும் கத்திரி வெயிலைத்தான் சொல்வோம். மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரைக்கும் அக்னி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. சென்னை, வேலூர்ப் பக்கம் அந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துப் போகும். நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் கதை வேறு. இங்கே பகல் சூடு உச்சத்துக்குப் போவது மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும்தான். மே மாதம் பாதி தாண்டும்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காத்து உள்ளே வரும். நடுவில் கோடை மழையும் ரெண்டு மூணு தரம் பெய்யும். அதனால் மே மாதச் சராசரிச் சூடு ஏப்ரலை விடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். "கத்திரி பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று நாம் இருந்தால், உண்மையான வெயில் அதற்கு முன்னாடியே வந்து போயிருக்கும். பங்குனியிலேயே தயாராக வேண்டும் என்பதை இப்போதே மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஏப்ரலில் ஏன் இவ்வளவு சூடு? சூரியன் வடக்கே நகரும்போது தமிழ்நாட்டின் தலைக்கு நேர் மேலே வரும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 11 வாக்கில், நமக்கு ஏப்ரல் 18, 19 வாக்கில், சென்னைக்கு 24 வாக்கில். அன்றைக்கு உச்சிப்பொழுதில் நேராக நிற்கிற எதற்கும் நிழல் விழாது. இதை நிழலில்லா நாள் என்று சொல்கிறார்கள். கிரகணத்தன்று உலக்கையை நிறுத்திப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் உண்டு அல்லவா? அதே உலக்கையை ஏப்ரல் 18 அல்லது 19 அன்று பகல் 12.20 மணி வாக்கில் வாசலில் நேராகப் பிடித்துப் பாருங்கள். நிழல் அடியிலேயே ஒடுங்கிப் போகும். பிள்ளைகளையும் கூட்டி வந்து காட்டுங்கள். காசு செலவில்லாத அறிவியல் பாடம் இது. ஆகஸ்டில் சூரியன் தெற்கே திரும்பும்போது இன்னொரு தடவையும் இது நடக்கும். அப்போது நம்ம பக்கம் மேகமும் காத்தும் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

பேய்க்காத்தும் ஆலங்கட்டியும்

வெயில் நேரத்தில் வெறுங்காட்டில் திடீரென்று மண்ணும் சருகும் சுழன்று எழும்பும். பேய்க்காத்து என்போம். குழந்தையை உள்ளே தூக்கிக் கொண்டு ஓடுவோம். அது பேயும் இல்லை பிசாசும் இல்லைங்க. தரை ரொம்பச் சூடானால் தரையை ஒட்டிய காத்து இலேசாகி மேலே ஏறும். அந்த இடத்தைப் பிடிக்கச் சுற்றிலும் இருக்கிற காத்து ஓடி வரும்போது சுழல் உண்டாகிறது. கண்ணில் மண் விழும், அதற்காக ஒதுங்க வேண்டியதுதான். அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது மாலை நேரத்துச் சூறைக்காத்துக்குத்தான். நாள் முழுக்கச் சூடேறிய காத்து மேலே போய் இடிமேகமாகக் குவிகிறது. மேகத்தில் தண்ணீர் கனத்ததும், குளிர்ந்த காத்தும் மழையும் சேர்ந்து ஒரேயடியாகக் கீழே இறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் பாயும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம்தான். அதற்குள் அன்னூர், மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் பக்கம் தார் விட்ட வாழை மொத்தமும் சாய்ந்து விடும். நம்ம பக்கம் தறிக் குடோன் சீட்டும் வீட்டுச் சீட்டும் பறக்கும். சீட்டு பறந்தால் போவது சீட்டு மட்டுமா? பாவு நனையும், நூல் நனையும், தறி நிற்கும், அந்த வாரக் கூலி நிற்கும், அந்த மாதத் தவணையும் நிற்கும்.

ஆலங்கட்டி மழையும் இந்த மேகத்தின் பிள்ளைதான். மேலே ஏறுகிற காத்து மழைத்துளியை இன்னும் மேலே தூக்கிக் கொண்டு போகும். அங்கே துளி உறைந்து கட்டியாகும். கீழே விழப் போகும்போது காத்து மறுபடியும் தூக்கும், மேலே இன்னொரு பனித்தோல் ஒட்டும். ஒரு ஆலங்கட்டியைக் குறுக்கே வெட்டினால் சின்ன வெங்காயம் போல அடுக்கு அடுக்காக இருக்கும். நம்ம ஊரில் சுண்டைக்காய் அளவுக்கு விழுந்தால் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள். ஆனால் 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் விழுந்த ஆலங்கட்டி ஆரஞ்சுப் பழ அளவுக்கு இருந்தது. 246 பேர் இறந்தார்கள். 1,600-க்கும் மேற்பட்ட ஆடு மாடுகளும் செத்தன. உலகத்தில் ஆலங்கட்டியால் ஏற்பட்ட மிகப் பெரிய சாவுகளில் ஒன்றாக இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 130 வருசம் கழித்தும் இது நமக்குத் தெரிகிறதென்றால் அன்றைக்கு யாரோ எழுதி வைத்ததால்தான்.

உலகம் பார்த்த சில கோடைகள்

கோடைத் தொடக்கத்தில் நடந்த வேறு சில அதிசயங்களையும் சொல்கிறோம், கேளுங்கள்.

1780-ஆம் ஆண்டு மே 19. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் நடுப்பகல் இருட்டி விட்டது. கோழிகள் அடைந்து விட்டன. வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். உலகம் முடிந்தது என்று பலர் கோயிலுக்கு ஓடினார்கள். ஒரு ஊரின் சட்டசபையில் மட்டும் ஒரு பெரியவர், மெழுகுவர்த்தி கொண்டு வாங்க, நம்ம வேலையைப் பார்ப்போம் என்று சொல்லிக் கூட்டத்தை நடத்தச் சொன்னாராம். பல காலம் கழித்து, பழைய மரங்களின் உள்வளையங்களில் இருந்த தீத் தழும்பை வைத்து விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்து நாடான கனடாவில் எரிந்த பெரிய காட்டுத் தீயின் புகைதான் அந்த இருட்டுக்குக் காரணம்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அதன் தூசியும் புகையும் வானத்தின் உயரத்தில் பரவிச் சூரிய ஒளியை மறைத்தன. அடுத்த வருசம், 1816 ஜூனில், கோடை நடக்க வேண்டிய நேரத்தில் அமெரிக்காவில் பனி பெய்தது. ஐரோப்பாவில் விளைச்சல் பொய்த்தது, ரொட்டி விலை ஏறியது, ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். கோடை இல்லாத வருடம் என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு மலை வெடித்ததற்கு எங்கோ ஒரு ஏழைத் தாயின் அடுப்பு அணைந்தது. காரணம் என்னவென்று அந்தத் தாய்க்குக் கடைசி வரை தெரியாது.

1910 மே மாதம் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. மே 18, 19 தேதிகளில் பூமி அதன் வாலைக் கடந்து போகும் என்று செய்தி. வாலில் விஷவாயு இருக்கிறது என்று பீதி கிளம்பியது. அமெரிக்காவில் சிலர் சாவித் துவாரத்தைக் கூடத் துணி வைத்து அடைத்தார்கள். "வால்நட்சத்திர மாத்திரை" என்று ஒன்றைச் சிலர் விற்றுக் காசு பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஒவ்வொரு கோடைக்கும் வாட்சப்பில், "இன்னைக்கு ராத்திரி கதிர் வருது, போனை அணைச்சு வெச்சிருங்க" என்று வருகிறதே, அதுவும் அந்த மாத்திரையின் தங்கச்சிதானுங்க. வந்ததை அப்படியே நாலு பேருக்கு அனுப்பாமல், யார் சொன்னது என்று முதலில் கேளுங்கள்.

1934 மே மாதம் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியிலிருந்து புழுதிப் புயல் கிளம்பியது. பல நூறு மைல் தாண்டி நியூயார்க் நகரத்தின் மேலும் தலைநகர் வாஷிங்டன் மேலும் புழுதி விழுந்தது. கடலில் போன கப்பலில் கூட மண் படிந்தது. காரணம் மழை இல்லாதது மட்டுமல்ல. புல் படர்ந்து கிடந்த நிலத்தை எல்லாம் டிராக்டர் விட்டு உழுது மண்ணை வெறுமையாக விட்டு விட்டார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் அந்த நாடு மண் பாதுகாப்புக்கென்றே சட்டம் போட்டது. நம்ம பெரியவர்கள் காட்டைச் சுற்றி கிளுவை வேலி வைத்ததும், மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் விட்டதும், வரப்பில் வேம்பும் பனையும் விட்டதும் இந்தப் பாடத்தைத் தெரிந்துதான். இன்றைக்கு வேலியைப் பிடுங்கிக் கம்பி போடுகிறோம். காத்து வரும்போது மண்ணைப் பிடிக்க ஒன்றுமில்லை.

எழுதினதால் பிழைத்தவர்கள்

இவ்வளவு கதையும் எதற்கு என்றால், பதிவு வந்ததால்தான் முன்னெச்சரிக்கை வந்தது என்பதற்காக. நம்ம நாட்டில் இதற்குத் தொடக்கம் போட்டதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் கட்டினார்கள். அந்தக் காலத்திலிருந்தே அங்கே சூட்டையும் மழையையும் குறித்து வந்திருக்கிறார்கள். இந்திய வானிலைத் துறை 1875-இல் வந்தது.

இந்தத் துறையில் ஒரு பெண்ணின் பெயரை நாம் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும். அன்னா மணி. கேரளத்துப் பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் வெப்பமானி, மழைமானி எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அவற்றை இந்தியாவிலேயே செய்ய வைத்து, சுமார் 100 கருவிகளின் வரைபடங்களை ஒரே தரத்துக்குக் கொண்டு வந்தார். தப்பான அளவு எடுப்பதை விட அளவே எடுக்காமல் இருப்பது மேல் என்ற பிடிவாதம் உள்ளவர். பணி ஓய்வுக்குப் பிறகு நாடு முழுக்கக் காற்றின் வேகத்தை அளந்து புத்தகமாகத் தந்தார். பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசையாகச் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்க்கும்போது அந்த அம்மாவை ஒரு நிமிடம் நினைத்துக் கொள்ளுங்கள்.

முன்னெச்சரிக்கை இல்லாவிட்டால் என்ன ஆகும், இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறோம்.

1991 ஏப்ரல் 29 இரவு வங்கதேசத்தில் புயல் அடித்தது. சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும்தான் மிக அதிகம். ஏன் என்று பின்னால் விசாரித்தபோது சொன்ன காரணங்கள் நமக்கும் தெரிந்தவைதான். வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். ஆடு மாட்டை விட்டுப் போக மனசு வரவில்லை. அந்நிய ஆண்கள் இருக்கிற கட்டிடத்தில் எப்படிப் போய்த் தங்குவது என்று கூச்சப்பட்டார்கள். கையில் குழந்தை, காலில் சேலை, நீச்சல் தெரியாது. புயலுக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாதுங்க. அந்த வித்தியாசத்தை நாம்தான் உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று நம்ம நாட்டு ஒடிசா. 1999 அக்டோபரில் வந்த பெரும்புயலில் அங்கே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். இருபது வருசம் கழித்து, 2019 மே 3 அன்று ஃபானி புயல் வந்தது. அதுவும் மிகக் கடுமையான புயல்தான். ஆனால் முன்கூட்டியே 12 லட்சம் பேரைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றி விட்டார்கள். இறந்தவர்கள் 64 பேர். ஒரு உயிர் போனாலும் துக்கம்தான். ஆனால் பத்தாயிரம் எங்கே, அறுபத்து நாலு எங்கே? வானிலை எச்சரிக்கை, கட்டிடங்கள், அதிகாரிகள், ஊர்த் தொண்டர்கள், நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள் எல்லோரும் அதில் பங்கு வகித்தார்கள்.

சத்தமில்லாமல் வரும் பேரிடர்

புயல் சத்தம் போட்டு வரும், வெயில் சத்தமில்லாமல் வரும். அதனால்தான் வெயிலை யாரும் பேரிடர் என்று நினைப்பதில்லை.

2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. 2016 மே 19 அன்று ராஜஸ்தானில் பலோடி என்ற ஊரில் 51 டிகிரி. 2024 ஏப்ரல் கடைசியில் நம்ம பக்கத்து ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டியது. அதே நாட்களில் குளிருக்குப் பேர் போன ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. பல பத்தாண்டுப் பதிவுகளில் ஊட்டி அவ்வளவு சூட்டைப் பார்த்ததில்லை. அடுத்த வருசம் தலைகீழ். 2025-இல் தென்மேற்குப் பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளத்தில் தொடங்கி விட்டது. வழக்கமாக ஜூன் 1. மே மாதத்திலேயே கோவைக்கும் நீலகிரிக்கும் சிவப்பு எச்சரிக்கை வந்தது. கோடை இனிமேல் நாம் பழகிய கோடையாக இருக்காது என்பதற்கு இதெல்லாம் அடையாளம்.

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. வழக்கமான மே மாதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். யாருடைய சாவுச் சீட்டிலும் வெயில் என்று எழுதவில்லை. மாரடைப்பு, காய்ச்சல், வயோதிகம் என்று எழுதி முடித்திருந்தார்கள். கணக்கை வரிசையாக வைத்துப் பார்த்த பிறகுதான் வெயில் மாட்டிக் கொண்டது. அதற்குப் பிறகு 2013-இல் அந்த நகரம் வெயிலுக்கென்றே ஒரு செயல்திட்டம் போட்டது. எச்சரிக்கை அறிவிப்பு, மருத்துவமனைகளில் தயார் நிலை, தண்ணீர்ப் பந்தல், ஏழைகளின் கூரைக்கு வெள்ளைப் பூச்சு என்று பல வேலைகள் நடந்தன.

நமது தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெயிலால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று மருத்துவரும் அதிகாரிகளும் உறுதி செய்ய வேண்டும். அங்கேயும் பதிவுதான் பேசும்.

தறிக் குடோனுக்குள்ளே

இப்போது நம்ம விசயத்துக்கு வருவோம். சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் நம் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் தறி சம்பந்தப்பட்ட வேலைதான். தறி ஓட்டுகிறோம், தார் சுத்துகிறோம், பாவு பிணைக்கிறோம். மேலே சிமெண்ட் சீட்டு. காத்து வறண்டு போனால் நூல் அறுபடும், அதனால் ஜன்னலைச் சாத்தித் தரையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். நூலுக்கு அது நல்லது. ஆனால் உடம்பு தன்னைக் குளிர வைப்பது வேர்வை காய்வதால்தான். ஈரம் நிறைந்த சூட்டில் வேர்வை காயாது. மோட்டார் சூடும் சேரும். நூலுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம், நூலை ஓட்டுகிற உடம்புக்கு யார் பார்ப்பது?

எங்கள் களப்பணியாளர்கள் குழுக்களில் உட்கார்ந்து பேசும்போது திரும்பத் திரும்பக் கேட்ட விசயம் ஒன்று உண்டு. "தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகோணும், அங்க எடம் எங்கீங்க இருக்குது" என்கிறார்கள். அதனால் காலையில் ஒரு டம்ளர் காப்பி குடித்தவர்கள் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. இந்தப் பழக்கத்தின் விலை நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல், தலைசுற்றல், மயக்கம். கர்ப்பிணிப் பெண்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லைங்க. வேலை செய்கிற இடத்தில் கழிவறை கேட்பது நமது உரிமை. ஒருத்தி கேட்டால் வாயாடி என்பார்கள். ஒரு குழுவாகத் தீர்மானம் போட்டுக் கேட்டால் கூப்பிட்டுப் பேசுவார்கள். நாம் குழு ஆரம்பித்ததே இதற்குத்தானே?

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று. கோடை நோட்டு. மார்ச் முதல் ஜூன் வரை ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டு வைக்க வேண்டும். சுவரில் மாட்டுகிற சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி நிழலில் மாட்டிப் பகல் 2 மணிக்கு அளவைக் குறியுங்கள். தறிக் குடோனுக்குள் ஒரு அளவும் எடுங்கள். நேராக இருக்கிற டப்பா ஒன்றை வெட்டவெளியில் வைத்தால் அதுதான் மழைமானி. காலையில் அடிஸ்கேல் வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். 400 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 370 லிட்டர் தண்ணீர். பிடித்து வைத்தால் எத்தனை குடம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சூறைக்காத்து அடித்த தேதி, நேரம், யார் வீட்டுச் சீட்டு போனது, எத்தனை வாழை சாய்ந்தது, யாருக்கு மயக்கம் வந்தது, எத்தனை நாள் கூலி போனது, எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள்.

இதனால் என்ன லாபம்? பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் நிவாரணம் என்பது விதி. கிராம நிர்வாக அலுவலர் பார்க்க வரும்போது வாய்ச்சொல்லை விடத் தேதி போட்ட பதிவு பலமாக இருக்கும். தவணை தள்ளிப் போன உறுப்பினருக்காகக் கூட்டமைப்பிலோ வங்கியிலோ அவகாசம் கேட்கவும் அதே நோட்டுதான் சாட்சி. குஜராத்தில் 1972-இல் இளா பட் அம்மையார் தொடங்கிய சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, வெயிலுக்கென்றே ஒரு காப்பீட்டைக் கொண்டு வந்திருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெப்பம் பதிவானால், யாரும் விண்ணப்பம் போடாமலே வங்கிக் கணக்கில் பணம் வந்து விடும். 2024 கோடையில் குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரப் பெண்கள் சுமார் 50,000 பேர் அதில் இருந்தார்கள், பெரும்பாலோருக்குப் பணமும் கிடைத்தது. பதிவான டிகிரியே அங்கே காசாகிறது. நாளைக்கு நமக்கும் அப்படி ஒன்று கேட்க வேண்டுமென்றால் நம் கையில் கணக்கு இருக்க வேண்டாமா?

இரண்டு. கூரை. சீட்டுக் கூரைக்கு மேலே கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே சில டிகிரி சூடு குறையும். மாசிக் கடைசியிலேயே அடித்து விடுங்கள். கூலி ஆள் வேண்டியதில்லை, ஒரு குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றி மாற்றிச் செய்து கொள்ளலாம். சீட்டின் கொக்கிகளையும் அப்போதே பார்த்து இறுக்கி விடுங்கள். சீட்டின் மேல் கல்லை அடுக்குவது பாதுகாப்பு இல்லை, காத்தில் அந்தக் கல்லே தலையில் விழும். சிமெண்ட் சீட்டின் மேல் நேராகக் காலை வைத்து ஏறாதீர்கள், பலகை போட்டு ஏறுங்கள்.

மூன்று. தண்ணீர். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டி அரை டீஸ்பூன் உப்பு. இதுதான் உயிர் காக்கும் கரைசல். அளவு மாறக் கூடாது. மோர், நீராகாரம், பானகம் எல்லாம் நல்லதுதான். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். அரை மணிக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நான்கு. மயங்கி விழுந்தால். வெயிலில் ஒருவர் உளறினாலோ, தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். நிழலுக்குத் தூக்கிப் போய்த் துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரை ஏறி உயிரே போய்விடும்.

ஐந்து. இடி மின்னல். நம் நாட்டில் மின்னலால் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். பெரும்பாலும் காட்டில் வேலை செய்பவர்களும் ஆடு மாடு மேய்ப்பவர்களும்தான். மின்னல் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே கட்டிடத்துக்குள் போய் விடுங்கள். மரத்தடியில் நிற்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். புனேயில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் தயாரித்த தாமினி என்ற செயலி, பக்கத்தில் மின்னல் வரப் போவதைச் சொல்லும். படித்த பிள்ளைகளை விட்டுப் போனில் போட்டுக் கொள்ளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் விவசாயிகளுக்கு வானிலை அறிவிப்பு தருகிறது.

ஆறு. கோரிக்கை. இன்றைய கூட்டத்திலேயே மூன்று தீர்மானம் முன்வைக்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் தறி வேலை நேரத்தைக் காலையில் முன்கூட்டித் தொடங்கி உச்சிவேளையில் ஓய்வு விட உரிமையாளர்களிடம் பேசுவது. குடிதண்ணீரும் கழிவறையும் கேட்பது. கூரைச் சேதத்துக்கென்று குழு நிதியில் ஒரு சிறு பகுதியை அவசரக் கடனாக ஒதுக்குவது. கடைசித் தீர்மானத்தில் சில குழுக்களுக்கு வேறு கருத்து இருப்பது தெரியும். "எங்க குழுவுல எல்லாருக்கும் தார்சு வீடு, நாங்க ஏன் பணம் போடோணும்" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை, வெளிப்படையாகப் பேசுங்கள். ஆனால் சீட்டு வீட்டுக்காரி தவணை கட்ட முடியாமல் நின்றால் கூட்டமைப்பின் மொத்தக் கடன் வரவும்தான் கெடும், அடுத்த கடனுக்கு எல்லோரும்தான் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சகோதரிகளே, பத்துப் பதினைந்து வருசம் முன்னால் கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இன்றைக்கு அவர்கள்தான் லட்சக்கணக்கில் வரவு செலவு எழுதுகிறார்கள். வெயிலை நிறுத்த நம்மால் முடியாது. அதை எழுதி வைக்க முடியும், அதைக் காட்டிக் கேட்க முடியும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது சேமிப்பு நோட்டோடு கோடை நோட்டையும் கொண்டு வாருங்கள். முதல் பக்கத்தையாவது எழுதிக் கொண்டு வந்த குழுக்களைக் கேட்டு, அந்தக் கணக்கை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.